சொந்த வண்டியில் நேபாள மலையடிவாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

காத்மாண்டுவுக்கும் பொக்காராவுக்கும் வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றுக்குத் தெற்கே, இமயமலை சமவெளியில் வந்து இறங்கும் இடத்தைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. தராய் சமவெளி, அதையொட்டிய சுரே குன்றுகள் (நம் பக்கத்தில் சிவாலிக் என்போம்), நடுவே சால் மரக் காடுகள். இதன் நெடுகிலும் கிழக்கே மேச்சி ஆற்றிலிருந்து மேற்கே மகாகாளி ஆறுவரை 1,028 கிலோமீட்டருக்கு மகேந்திர நெடுஞ்சாலை ஓடுகிறது. கார் ஓட்டிக்கொண்டு போக அருமையான பாதை. ஆனால் காகித வேலையில் ஏகப்பட்ட குழப்பம். கேட்கிற இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில் கிடைத்து, நாங்கள் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இந்தியப் பதிவெண் உள்ள சொந்தக் காரில் அல்லது பைக்கில் போகிறவர்களுக்கான குறிப்புகள் இவை. எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்ளும் பாதை: உத்தரப் பிரதேசத்தின் சுனௌலியில் நுழைந்து, லும்பினி, புட்வல், சித்வன், ஹெடௌடா வழியாகப் பீகாரின் ரக்சௌலில் வெளியே வருவது. நேபாளத்துக்குள் மட்டும் ஒரு வாரம் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடியும்வரை முதல் தேர்வு. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். வடக்கே பனிமலைகள் தெரிய வாய்ப்பு அதிகம். ஆனால் தசைன் பண்டிகை அந்தப் பக்கத்தில்தான் வரும். ஊருக்குத் திரும்பும் கூட்டத்தில் பேருந்துகள் பிதுங்கும், அலுவலகங்கள் பல நாள் மூடிக்கிடக்கும். தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல்வரை காட்டு விலங்கு பார்க்க வசதி. உயரப் புல்லை வெட்டியும் எரித்தும் விட்டிருப்பார்கள் என்பதால் காண்டாமிருகம் தூரத்திலேயே கண்ணில் படும். புகைமூட்டத்தில் மலை தெரியாது.

டிசம்பர், ஜனவரியில் குளிர்தானே என்று நினைக்க வேண்டாம். பிரச்சினை குளிரில்லை, மூடுபனி. தராயில் சில நாட்கள் மதியம்வரைகூட எதிரே வரும் லாரி தெரியாது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்வரை மண்சரிவுக் காலம். அப்போது இந்தப் பயணமே வேண்டாம்.

2. வண்டியின் காகிதங்கள்

எல்லாவற்றுக்கும் அசல் வேண்டும். டிஜிலாக்கரைக் காட்டி நம்மூரில் தப்பிக்கிற பழக்கத்தை எல்லையோடு விட்டுவிடுங்கள். எடுத்துவைக்க வேண்டியவை:

- ஆர்.சி. அசல்
- ஓட்டுநர் உரிமம் (இந்திய உரிமமே போதும்)
- காப்பீட்டுப் பத்திரம்
- புகைச் சான்றிதழ்
- இவை ஒவ்வொன்றிலும் நான்கைந்து நகல்கள்

எல்லைக் கடைகளிலும் ஜெராக்ஸ் எடுக்கலாம்தான். ஆனால் மின்சாரம் போன நேரத்தில் போய் நின்றால் அரை நாள் போச்சு.

ஆர்.சி. அப்பா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்து, அவர் உடன் வரவில்லை என்றால், "இன்னார் என் வண்டியை நேபாளத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே அவருடைய அடையாள அட்டை நகல். நிறுவனத்தின் பெயரில் உள்ள வண்டிக்கு லெட்டர்ஹெட்டில் அதே கடிதம். செல்ஃப்-டிரைவ் வாடகைக் காரில் போகும் எண்ணம் இருந்தால் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். நாட்டு எல்லை தாண்டக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. மஞ்சள் போர்டு வண்டிக்குத் தனியாக ரூட் பெர்மிட் வேண்டும், அது வேறு கதை.

பலர் கோட்டைவிடுவது காப்பீட்டில். நம் மோட்டார் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். நேபாளம், பூட்டான், வங்கதேசம் போன்ற அண்டை நாடுகளுக்கு நீட்டிக்க ஐ.எம்.டி.-1 என்ற ஒப்புதல் இணைப்பு இருக்கிறது. கூடுதல் பிரீமியம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாடிக்கையாளர் சேவையில் போனை எடுப்பவருக்கு இது தெரிந்திருக்காது, ஐ.எம்.டி.-1 என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். எல்லையில் இதை யாரும் கேட்கமாட்டார்கள், அதனால் எடுக்காமல் போகிறவர்களே அதிகம். விபத்து என்று வந்தால்தான் இதன் அருமை தெரியும்.

3. ஆட்களின் காகிதங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் அது செல்லும். 15 முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பள்ளித் தலைமையாசிரியர் தரும் அடையாளச் சான்று வேண்டும். தரைவழியில் கண்டிப்பு குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் பாஸ்போர்ட் இருந்தால் அதையே கொண்டுபோங்கள். சிம் வாங்க, விடுதியில் பதிய, எல்லாவற்றுக்கும் வேலை எளிது.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் கவனம். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) இருந்தாலும் நேபாளத்தைப் பொறுத்தவரை அவர் வெளிநாட்டவர்தான், விசா வேண்டும். 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர், எல்லையிலேயே வாங்கலாம். இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்ற முறையில் ஆண்டின் முதல் 30 நாளுக்கு விசாக் கட்டணம் இல்லை. ஆனால் முத்திரை கட்டாயம். சுனௌலியில் குடிவரவு அலுவலகம் கடைத்தெருவுக்குள் ஒளிந்துகிடக்கும். காரில் உட்கார்ந்திருந்தால் யாரும் நிறுத்தாமலேயே தாண்டிவிடுவீர்கள். இந்தியப் பக்கத்தில் வெளியேறும் முத்திரை, நேபாளப் பக்கத்தில் நுழையும் முத்திரை, இரண்டும் விழுந்ததா என்று பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். முத்திரை இல்லாமல் உள்ளே போய்விட்டுத் திரும்பி வருவது பெரிய தலைவலி.

4. எல்லைவரை போய்ச் சேருங்கள்

சென்னையிலிருந்து நாக்பூர், ஜபல்பூர், பிரயாக்ராஜ் வழியாகக் கோரக்பூர். அங்கிருந்து சுனௌலி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மொத்தம் 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். போக நான்கு நாள், வர நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக் என்றால் கோரக்பூர்வரை ரயில் பார்சலில் போட்டுவிடலாம். டேங்கில் பெட்ரோல் இல்லாமல் காலிசெய்து, ஆர்.சி. நகலோடு கொடுக்க வேண்டும். உங்கள் ரயிலிலேயே அதுவும் வரும் என்று எண்ணி அன்றைக்கே எல்லை தாண்டத் திட்டம் போடாதீர்கள். பார்சல் பின்தங்கும்.

முந்தின இரவு கோரக்பூரில் தங்குங்கள். சுனௌலிக்கு முன்னால் லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். கார்கள் வலப்பக்கமாக முன்னேறலாம், ஆனால் விடிகாலையில் கிளம்பினால்தான் அந்த இம்சை குறையும்.

5. பன்சார் போடுங்கள்

இந்தப் பயணத்தின் முக்கியமான கட்டம் இதுதான். நேபாள சுங்க அலுவலகத்துக்குப் பன்சார் என்று பெயர். அங்கே கொடுக்கும் வண்டி அனுமதிச் சீட்டையும் பன்சார் என்றே சொல்வார்கள். எல்லைக் காவலில் இருக்கும் எஸ்.எஸ்.பி. வீரர்களைக் கடந்து, நேபாள நுழைவு வளைவுக்குள் போனதும் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு ஆர்.சி., உரிமம், அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை நாள் என்று சொன்னால் கணக்குப் போட்டுப் பணம் வாங்குவார்கள். காருக்கு ஒரு நாளுக்கு 500, 600 நேபாள ரூபாய் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. தொகை அவர்களுடைய பட்ஜெட்டில் அவ்வப்போது மாறும்.

வண்டி நிற்பதற்குள் தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். படிவம் நிரப்பித் தருவதற்குச் சின்னத் தொகை கொடுத்து ஒருவரைப் பிடிப்பது தப்பில்லை, நேரம் மிச்சம். ஆனால் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பணத்தைக் கவுண்டரில் நீங்களே கட்டுங்கள். எங்களிடம் ஒருவர் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னார்; கேள்வி கேட்டதும் பாதியாகக் குறைந்தது.

சீட்டு கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை:

முதலில், அது நாள் கணக்கிலான அனுமதிதானா என்று பாருங்கள். எல்லையூர்ச் சந்தைக்குப் போய் அன்றே திரும்புகிறவர்களுக்கு 'சுவிதா' என்று ஒரு சீட்டு உண்டு. அதை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. வழியில் போலீஸ் சோதனையில் பிடித்தால் அபராதம்.

அடுத்தது தேதி. நேபாளத்தில் விக்ரம சம்வத் நாட்காட்டிதான். ஆண்டு நம்முடையதைவிட 56, 57 கூடுதலாக இருக்கும். எண்களும் தேவநாகரியில் இருக்கலாம். மாதத்துக்கு 29 முதல் 32 நாள்வரை வருவதால் விரல்விட்டு எண்ணினாலும் சரியாக வராது. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர்களுடையதும் சூரிய மாதம் என்பதால் வைசாக் முதல் தேதி நம் சித்திரை முதல் தேதியை ஒட்டியே வரும், மற்ற மாதங்களும் அப்படித்தான், ஒரு நாள் முன்பின் இருக்கும். போனில் தமிழ் காலண்டர் இருந்தால் தோராயமாகச் சரிபார்த்துவிடலாம். அதோடு நிற்காமல், கடைசித் தேதியை ஆங்கிலத் தேதியில் சீட்டின் ஓரத்தில் எழுதித் தரும்படி அதிகாரியிடமே கேளுங்கள். மறுக்கமாட்டார்கள்.

அப்புறம் நாள் எண்ணிக்கை. மாலையில் நுழைந்தாலும் அன்று முழு நாள். காலையில் வெளியேறினாலும் அதுவும் முழு நாள். திட்டத்தைவிட இரண்டு நாள் கூடுதலாகவே கட்டிவிடுங்கள். மண்சரிவில் ஒரு நாள் மாட்டினால் அந்த ஆயிரம் ரூபாய் பெரிதாகத் தெரியாது. சீட்டுக் காலம் முடிந்த பிறகு ஓட்டினால் அபராதம் தினக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. ஒரு இந்திய வண்டி ஒரு நிதியாண்டில் மொத்தம் 30 நாள்தான் உள்ளே இருக்கலாம். அவர்களுடைய நிதியாண்டு ஜூலை நடுவில், நம் ஆடி பிறக்கும்போது பிறக்கிறது.

வேறு எல்லை வழியாக வெளியேறும் எண்ணம் இருந்தால் அதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். சீட்டைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொண்டு, அசலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். நெடுகிலும் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.

6. காசும் சிம்மும்

1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். இந்த விகிதம் நிலையானது, யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. விலை சொல்லும்போது "ஐசியா, என்சியா" என்று கேட்டுவிடுங்கள். ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி என்றால் நேபாளப் பணம். கேட்காவிட்டால் 60 சதவீதம் கூடப் போய்விடும்.

100 ரூபாய் நோட்டுகளாகவே கொண்டுபோங்கள். 2018-ல் பெரிய இந்திய நோட்டுகளுக்கு நேபாளம் தடை போட்டது முதல் கடைக்காரர்களுக்கு அவற்றின் மேல் ஒரு தயக்கம். 2024 முதல் நம் யு.பி.ஐ. அங்கே ஃபோன்பே (Fonepay, நம்மூர் PhonePe அல்ல) க்யூ.ஆர். பலகைகளில் வேலை செய்கிறது. ஆனால் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவைப்பதை இந்தியாவில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். எல்லை தாண்டிச் சில கிலோமீட்டரில் இந்திய சிக்னல் போய்விடும், ஓ.டி.பி. வராது. ஏ.டி.எம். அட்டைக்கும் இதே விதி.

சிம்முக்கு நேபாள் டெலிகாம், என்செல் இரண்டில் ஒன்று. அடையாள அட்டை நகலும் ஒரு புகைப்படமும் கேட்பார்கள். வங்கிகளுக்குச் சனிக்கிழமை விடுமுறை. கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும்.

7. பாதையை மணிக்கணக்கில் திட்டமிடுங்கள்

சுனௌலி எல்லையைத் தாண்டியதும் வரும் நேபாள ஊர் பைரஹவா. அங்கிருந்து லும்பினி அரை நாள் வேலை. புத்தர் பிறந்த இடம், மாயாதேவி கோவில். அங்கே ஓர் இரவு தங்கினால் எல்லை அலைச்சல் தீரும்.

புட்வலுக்கு நல்ல அகலச் சாலை. அங்கேதான் மலை திடீரென்று எழுந்து நிற்கும். நேரே வடக்கே ஏறினால் சித்தார்த்த நெடுஞ்சாலையில் 40 கிலோமீட்டர் தொலைவுக்குள் தான்சேன் என்ற மலையூர். செங்கல் வீடுகளும் பால்பா டாக்கா துணியும் பார்க்க வேண்டியவை. ஆனால் புட்வலைத் தாண்டியதும் வரும் சித்தபாபா பகுதியில் மழை இல்லாத நாளிலும் மேலிருந்து கல் உருளும். அங்கே படமெடுக்க நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. சன்னலை ஏற்றிக்கொண்டு நேரே போய்விடுங்கள்.

புட்வலிலிருந்து கிழக்கே நாராயண்கட் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். மேப் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். பல ஆண்டுகளாகச் சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. நடுவில் தௌன்னே ஏற்றத்தில் லாரி ஒன்று படுத்துவிட்டால் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான். ஐந்து மணி நேரம் ஒதுக்கி, முன்னதாக முடிந்தால் சந்தோஷப்படுங்கள்.

நாராயண்கட் தாண்டி தாண்டி என்ற ஊரில் (ஆமாம், பெயரே அதுதான்) வலப்பக்கம் திரும்பினால் சௌராஹா, சித்வன் தேசியப் பூங்காவின் வாசல். இங்கே இரண்டு இரவு தங்குங்கள். நுழைவுச் சீட்டில் நேபாளி, சார்க், மற்ற வெளிநாட்டவர் என மூன்று கட்டணம். நமக்கு சார்க் கட்டணம், பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அட்டையையோ காட்டினால்தான் கிடைக்கும். சீட்டு ஒரு நாளுக்கு மட்டும். விடுதிக்காரர் 'பேக்கேஜ்' என்று சொன்னால் ஜீப் பூங்காவுக்குள் போகிறதா, பக்கத்துச் சமூகக் காட்டுக்குள் போகிறதா என்று கேளுங்கள். விலை வேறு, காடும் வேறு. ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம்.

சௌராஹாவிலிருந்து ஹெடௌடா இரண்டு மணி நேரச் சுகமான ஓட்டம். அங்கிருந்து தெற்கே சுரே குன்றுகளைக் கடந்து, பர்சா காட்டு வழியே பத்லையா, பிறகு ரக்சௌலுக்கு எதிரே உள்ள நேபாள எல்லையூர் பீர்கஞ்ச். நேரம் இருப்பவர்கள் கிழக்கே வருவதற்குப் பதில் புட்வலிலிருந்து மேற்கே பர்தியா தேசியப் பூங்காவுக்குப் போகலாம். கூட்டம் குறைவு, என் ஓட்டு அதற்கே. பபாய் ஆற்றுப் பாலத்திலிருந்து குனிந்து பார்த்தால் மணல் திட்டில் முதலைகள் வெயில் காயும்.

8. ஓட்டும்போது

நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் அதில் சிரமமில்லை.

தேசியப் பூங்காக்களின் ஊடே போகும் இடங்களில் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பர்தியாவில் மணிக்கு 40 கிலோமீட்டர். நுழையும் சாவடியில் நேரம் எழுதிய அட்டை தருவார்கள்; மறுமுனையில் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தால் அபராதம். நடுவில் வேகமாகப் போய்விட்டுக் கடைசியில் மரத்தடியில் நிற்கும் தந்திரமும் எடுபடாது, காட்டுக்குள் நிறுத்தவே கூடாது.

மாலை ஐந்தரைக்கு மேல் ஓட்டாதீர்கள். தராய்ச் சாலையில் மாடுகள் படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிள்கள் வரும். பசு அந்த நாட்டின் தேசிய விலங்கு. வேண்டுமென்றே கொன்றால் சிறை. தெரியாமல் இடித்தாலும் ஊர் கூடிவிடும், இழப்பீடு பேசித்தான் நகர முடியும்.

முன்னால் போகும் லாரி வலப்பக்க இண்டிகேட்டர் போட்டால் "முந்திக்கொள்" என்று அர்த்தமாக இருக்கலாம், "திரும்பப்போகிறேன்" என்றும் இருக்கலாம். கண்ணால் பார்க்காமல் முந்த வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுவதில் துளி சலுகையும் இல்லை. மாலையில் வழிமறித்து ஊதச் சொல்வார்கள். அவசரத்துக்குப் போலீஸ் 100, ஆம்புலன்ஸ் 102, போக்குவரத்துப் போலீஸ் 103, சுற்றுலாப் போலீஸ் 1144.

9. தோராயச் செலவு

எரிபொருள் தவிர, இருவருக்கு நேபாளத்துக்குள் ஒரு வாரம், எல்லாம் நேபாள ரூபாயில். கூடுதல் நாள்களோடு பன்சார் 5,000. சாதாரண விடுதி அறை இரவுக்கு 1,500 முதல் 3,000. சாப்பாடு மலிவு: நெடுஞ்சாலைக் கடைகளில் தால் பாத் வாங்கினால் சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வரும், சோற்றுக்கு ஏங்கும் நம்மாட்களுக்கு வட இந்தியாவைவிட இங்கே நிம்மதி. பெரிய விடுதிகளில் சொல்லும் விலையின் மேல் 13 சதவீதம் வாட் சேரும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சித்வன் செலவுதான் பையைக் கடிக்கும். நுழைவு, ஜீப், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5,000-க்கு மேல் தனியே எடுத்துவையுங்கள்.

10. வெளியே வரும்போது

பீர்கஞ்சில் எல்லையை நெருங்கும் முன் பன்சார் அலுவலகத்தில் நிறுத்தி, சீட்டைக் காட்டி, வண்டி வெளியேறியதைப் பதியச் சொல்லுங்கள். அவசரத்தில் அப்படியே இந்தியாவுக்குள் வந்துவிட்டால், அவர்கள் கணக்கில் உங்கள் வண்டி இன்னும் நேபாளத்துக்குள்தான். அடுத்த முறை போகும்போது அது எழுந்து நிற்கும்.

இன்னொன்று: ரக்சௌல் பீகாரில் இருக்கிறது. 2016 முதல் அங்கே மதுவிலக்கு. நேபாளத்தில் வாங்கிய பாட்டில் பாதி மிச்சம் இருந்தாலும் காரில் இருக்கக் கூடாது. வண்டி பறிமுதல், கைது இரண்டுக்கும் இடமுண்டு. டிக்கியை நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், உடன் வந்தவர்கள் பையையும் சேர்த்து. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கூட இருந்தால் பீர்கஞ்சில் ஒரு முத்திரை, ரக்சௌலில் ஒரு முத்திரை. மதியத்துக்குள் இந்த வேலைகளை முடித்துவிட்டால், இருட்டுவதற்குள் மோதிஹாரி தாண்டிவிடலாம்.